நைனா எண்ணிய லாரிகள்

எங்கள் குப்பத்தில் அதைக் கல்கத்தா ரோடு என்றுதான் சொல்வோம். கல்கத்தாவை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. அரசாங்கம் அந்தச் சாலைக்கு ஒரு எண் கொடுத்தது, பிறகு அந்த எண்ணை மாற்றியது, அதற்கும் பிறகு சாலையின் அகலத்தை மாற்றியது. சென்னையில் கிளம்பி நம் மாநிலத்தின் வடக்கு மூலையைக் கடந்து ஆந்திராவுக்குள் நுழைந்துவிடும். நம் மாநிலத்துக்குள் அது ஓடுகிற தூரம் லாரிக்காரனுக்கு ஒரு டீக்கும் அடுத்த டீக்கும் இடைப்பட்ட தூரம். அவ்வளவு சின்ன தூரத்துக்குள் எங்கள் ஜனங்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். மீன் விற்கிற வேலை.

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அந்தச் சாலையைப் பற்றிக் கேட்பதில்லை. டச்சுக்காரன் கல்லறை எங்கே என்றுதான் கேட்பார்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், போய்ப் பாருங்கள் என்று நானே பல பேருக்கு வழி காட்டியிருக்கிறேன். உள்ளே ஒவ்வொரு கல்லிலும் செத்தவன் பெயர், அவன் குடும்ப முத்திரை, கப்பல், பூ, எல்லாம் பொறித்திருக்கும். எங்கிருந்தோ வந்து இங்கே வெயிலிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்கு அவ்வளவு மரியாதை. கல்கத்தா ரோட்டில் செத்தவர்களுக்குப் போலீஸ்காரர் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். அடுத்த மழைக்கு அதுவும் இருக்காது.

டச்சுக்காரன் காலத்தில் சாலையெல்லாம் எங்கள் ஊரைப் பார்த்து வந்ததாம். உள்நாட்டில் நெய்த துணி மாட்டு வண்டியிலும் தலைச்சுமையாகவும் பழவேற்காட்டுக்கு வந்து, இங்கிருந்து கடல் ஏறியது. கப்பல் முகத்துவாரத்துக்குள் வர முடியாது. ஏரி கடலோடு சேருகிற அந்த வாயில் மணல் மேடு. கப்பல் வெளியே நிற்கும், எங்கள் ஆட்கள் படகில் சரக்கை ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். "நம்மாளுங்க எண்ணிச் சொன்னாத்தான் டச்சுக்காரன் காலையே நகத்துவான்" என்று நைனா சொல்வார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொன்னதற்குச் சாட்சி எதுவும் கிடையாது. எந்தக் கல்லிலும் எங்கள் ஆள் பெயர் இல்லை. ஆனால் எண்ணுவது மட்டும் பொய்யில்லை, அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முகத்துவாரத்தில் படகைக் கடலுக்குள் விடுவது துணிச்சல் வேலை அல்ல, பொறுமை வேலை. அலைகள் சும்மா வருவதில்லை, கூட்டமாக வரும். பெரிதாக மூன்று வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சின்னதாக ஒன்று வரும், அப்புறம் கடல் கொஞ்ச நேரம் ஓய்ந்து கிடக்கும். அந்த ஓய்ச்சலில் தள்ளினால் படகு வெளியே போய்விடும். ஒரு மூச்சு முந்தினாலும் பிந்தினாலும் கவிழ்ந்துவிடும். எங்கள் குப்பத்தில் அந்த நேரத்தைச் சொல்கிற ஆள் நைனா. இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையை மேலே தூக்கி, வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருப்பார். பிறகு கையை வெட்டினாற்போல இறக்கி "தள்ளு!" என்பார். அந்தச் சத்தம் காற்றை எதிர்த்துக் குப்பம் வரை கேட்கும். ஃபைபர் படகும் இன்ஜினும் வந்த பிறகும், கடல் கொந்தளிப்பாக இருக்கிற நாளில் அவர் கை இறங்காமல் ஒரு படகும் நகராது.

இன்னொரு வழக்கமும் உண்டு. மணல் மேடு ஒரே இடத்தில் இருக்காது. ஒரு புயல் காற்றில், சில சமயம் ஒரே ராத்திரியில், இடம் மாறிவிடும். மாறியதை முதலில் பார்க்கிறவன் ஒரு மூங்கிலில் சிவப்புத் துணி கட்டி அந்த இடத்தில் நட வேண்டும். வேலை இருந்தது, வலை கிழிந்தது, பசித்தது என்று எந்தச் சாக்கும் சொல்லக் கூடாது. பார்த்துவிட்டு நடாமல் வந்தவனோடு குப்பத்தில் யாரும் படகு ஏற மாட்டார்கள். திருட்டைக்கூட மன்னித்திருக்கிறார்கள், இதை மன்னித்து நான் பார்த்ததில்லை. மூங்கில் நிற்கிற இடத்தைப் படகுகள் சுற்றிக்கொண்டு போகும்.

சாலைக்கு வருகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது கல்கத்தா ரோடு இரண்டு லாரி ஒதுங்கிப் போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் புளிய மரம், ஒவ்வொரு மரத்திலும் வெள்ளை பெயிண்டில் நம்பர். பொன்னேரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் போனால் கூட்டு ரோடு. அங்கே சாலையின் மேற்குப் பக்கம் நாலைந்து புளிய மரங்களின் நிழலில் எங்கள் குப்பத்துப் பெண்கள் மீன் விற்பார்கள். மேற்கே இருக்கிற நெல் விளையும் ஊர்களிலிருந்து சம்சாரிகள் வந்து வாங்குவார்கள். நண்டு, இறால், மடவை எல்லாம் பதினோரு மணிக்குள் தீர்ந்துவிடும். அம்மா அங்கேதான் விற்றாள். அம்மாவின் தங்கை, என் சின்னம்மாவும் அங்கேதான் விற்றாள்.

பிறகு மரங்களை வெட்டினார்கள். நான்கு வழி என்றார்கள், அது முடிந்து ஆறு வழி என்றார்கள். நடுவில் இடுப்பு உயரச் சுவர் எழுப்பி அரளிச்செடி வைத்தார்கள். கூட்டு ரோட்டில் ஒரு ஆள் நுழைகிற அளவு இடைவெளி மட்டும் விட்டார்கள். ஆட்டோ கிழக்குப் பக்கம் இறக்கிவிடும், வியாபாரம் மேற்குப் பக்கம். பாலம் கட்டித் தருவதாக ஒவ்வொரு தேர்தலுக்கும் சொன்னார்கள். மனு எழுதி எழுதி என் கையெழுத்துதான் அழகானது. சம்சாரிகளும் சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் வர மாட்டோம் என்றார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் உயிர் ஒன்றுதான். ஆறு வழி வந்த முதல் வருடத்திலேயே எங்கள் பக்கத்துக் குப்பத்துப் பெண் ஒருத்தி போனாள், ஒரு பால்காரர் போனார், ஒரு கல்யாண வேன் சுவரில் ஏறியது. ஊருக்கு முன்னேற்றம் என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு பெரிய மனிதர் மேடையில் சொன்னார். அவர் வீட்டில் மீனை வேலைக்காரர் வாங்கி வருவார்.

அந்த வருடம்தான் நைனா அம்மாவோடு கூட்டு ரோட்டுக்குப் போனார். காற்று சரியில்லாமல் படகு கடலுக்குப் போகாத நாள், கூடைகளில் ஏரி மீன்தான். இறங்கினவர் பெண்களைப் போல அவசரப்படவில்லை. கிழக்கு ஓரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றார். அரை மணி நேரம் நின்றிருப்பார். சின்னம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னா மாமா, லாரிக்கும் வலை போடலாம்னு பாக்கிறியா?"

நைனா சிரிக்கவில்லை. "இதுவும் கடல் மாரிதான் கீது, பாரு. பெருசு பெருசா கூட்டமா வருது. அப்பால ஒண்ணு ரெண்டு சின்னது. அப்பால ஒண்ணுமே வரல. ஓச்சல் கீது இதுக்கும்."

பிறகு கையைத் தூக்கினார். வடக்கேயிருந்து ஒரு லாரிக் கூட்டம் வந்து, இரைந்துகொண்டு போய், வால் அடங்கியது. கை இறங்கியது. "தள்ளு!" என்றார். பெண்கள் தலையில் கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் முன்னே போகிறவளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஒரே வரிசையாகக் கடந்தார்கள். நடுச்சுவர் இடைவெளியில் நின்று, மறுபக்கம் கார்கள் குறைந்த நேரம் பார்த்துத் தாண்டினார்கள். வடக்கேயிருந்து வருகிற பாதிதான் பயம். சென்னைக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லாரி முழுக்க அந்தப் பாதியில்தான்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. கடலுக்குப் போகிற நாளில் விடியும் முன்பே போய்விட்டு வந்து, கரை சேர்ந்ததும் வேட்டியை மாற்றிக்கொண்டு பெண்களோடு ஆட்டோவில் ஏறிவிடுவார். பத்துப் பன்னிரண்டு பெண்கள், அவர் கை, "தள்ளு" என்ற ஒரு சத்தம். லாரி டிரைவர்கள் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். மூன்று வருடத்துக்கு மேல் எங்கள் குப்பத்துப் பெண் ஒருத்திக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. சின்னம்மா எப்போதும் வரிசையில் கடைசி. "நான் வால்ல வர்றேன், எவனாவது இடிச்சான்னா கூடையால அடிக்கணும்ல" என்பாள்.

இப்போது என் வேலையைச் சொல்ல வேண்டும்.

கூட்டு ரோட்டுக்கு வடக்கே, அதே சாலையில், லாரிகளை நிறுத்திக் காகிதம் பார்க்கிற ஒரு சோதனைச் சாவடி இருந்தது. அங்கே எனக்கு வேலை. பன்னிரண்டாவது படித்துவிட்டுக் கடலுக்குப் போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிய வேலை. வேலை என்னவென்றால் லாரிகள் நிற்கிற வழியில் தடுப்புக் கட்டையை இறக்குவது, காகிதம் பார்த்து முடித்தவர் கையைக் காட்டினால் கட்டையைத் தூக்குவது. ஒவ்வொரு லாரிக்காகத் தூக்கினால் கை ஓய்ந்துவிடும். பத்துப் பதினைந்து சேரட்டும் என்று வைத்திருந்து ஒரே வீச்சில் விடுவோம். விட்ட பிறகு கட்டை இறங்கும், அடுத்த கூட்டம் சேருகிற வரை சாலை காலியாக இருக்கும்.

புரிந்திருக்கும். நைனா எண்ணிய அலை கடல் அனுப்பிய அலை இல்லை. நான் அனுப்பியது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எனக்கு இது தெரிந்துவிட்டது. நைனாவிடம் சொல்லவில்லை. அவர் என்னை நாலு பேர் முன்னால் "கட்டை தூக்கறவன்" என்றுதான் அறிமுகப்படுத்துவார். "கடல்காரன் வூட்ல பொறந்துட்டு ரோட்ல கட்டைய தூக்கிகினு கீறான்" என்று ஏலம் விடுகிற இடத்தில் சத்தமாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார். எனக்குள் அது ஊறிக்கொண்டே இருந்தது. அவர் சாலை ஓரத்தில் நின்று பெரிய ஞானி போலக் கையைத் தூக்கும்போதெல்லாம், நீ எண்ணுவது என் கட்டையைத்தான் என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். சாவடியில் கூட வேலை செய்தவர்களிடம் இதைச் சொல்லிக் கைகொட்டிச் சிரித்திருக்கிறேன். அவ்வளவு அற்பமான சந்தோஷம். ஆனால் அப்போது எனக்கு அது தேவையாக இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

ஒரு நாள் மத்தியானம் உத்தரவு வந்தது. இனி லாரிகளை நிறுத்த வேண்டாம், காகிதமெல்லாம் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்வார்கள், சாவடி தேவையில்லை என்றார்கள். நாளைக்கு நாளன்றைக்கு என்றுகூட இல்லை. அந்த மத்தியானமே கட்டையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். லாரி டிரைவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தி எங்களுக்கே லட்டு கொடுத்தார். வேலை போனவன் கையில் லட்டு. நானும் தின்றேன்.

சாயந்திரம் வெயில் இறங்கும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வருவதாக இருந்தது. பையன் சாவடியில் வேலை, கிட்டத்தட்ட கவர்மெண்ட் மாதிரி என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். நைனா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா, இன்னைக்கு சீக்கிரமே வந்துட்ட?"

"ரெண்டு நாளு லீவு" என்றேன்.

"கட்டைக்கும் லீவா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவும்போது ஒரே ஒரு முறை மனதில் வந்தது: நாளைக்குக் காலையில் அங்கே லாரி கூட்டம் கூட்டமாக வராதே. உள்ளே திரும்பிப் போய்ச் சொல்ல இரண்டு அடிதான். சொன்னால் வேலை போனது தெரியும், அதற்கு மேல் இத்தனை வருடம் சிரித்ததும் தெரியும். அவர் பார்க்கிறவர்தானே, லாரி வருகிற விதம் மாறினால் தெரிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிறு கழியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. கை நனைந்திருந்தது, துண்டில் துடைத்தேன்.

மறுநாள் காலை நான் வீட்டில்தான் இருந்தேன். நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும்.

நைனா வழக்கம்போலக் கிழக்கு ஓரத்தில் நின்றார். அன்று கூட்டம் சரியாக அமையவில்லை என்று அவருக்கும் பட்டிருக்கிறது. வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். கையைத் தூக்கினார், இறக்காமல் வைத்திருந்தார், மறுபடி முதலிலிருந்து எண்ணினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மீன் கெடும் என்று பெண்கள் முனகினார்கள். "இன்னா மாமா, இன்னைக்கு கணக்கு மறந்துடுச்சா?" என்று சின்னம்மா வாலிலிருந்து கேட்டாள். அப்போது பெரிதாக மூன்று லாரி வந்தது. பின்னால் ஒரு சின்ன வண்டி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. கை இறங்கியது.

வரிசை பாதி தாண்டும்போது வடக்கேயிருந்து லாரி வந்தது. கூட்டத்தோடு சேராத, தனியாக வருகிற லாரி. அப்படி ஒரு லாரி மூன்று வருடமாக அந்தச் சாலையில் அந்த நேரத்தில் வந்ததில்லை. முன்னால் போனவர்கள் ஓடிச் சுவரைப் பிடித்துவிட்டார்கள். கடைசிக்கு முந்தினவள் அம்மா. சின்னம்மா பிடித்திருந்தது அம்மாவின் முந்தானையை. முந்தானை ஒரு இழுப்பு இழுத்து, பிறகு லேசாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். அதை ஒரு தடவைதான் சொன்னாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் போனேன், நைனாவும் வந்தார். எழுதுகிறவர் முன்னால் நைனா நடந்ததை அப்படியே சொன்னார். மூன்று பெரியது, ஒரு சின்னது, ஓய்ச்சல், நான்தான் தள்ளு என்றேன். எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு, "லாரிய எண்ணியா ரோடு தாண்டுவீங்க, பெரியவரே?" என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். நைனா பெருமையாகத் தலையை ஆட்டினார். நம் வேலையைக் கேட்கிறான், விளக்கமாகச் சொல்வோம் என்று மறுபடி முதலிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். வாகனம் வருவது தெரிந்தும் கவனக்குறைவாகச் சாலையைக் கடந்ததால் நேர்ந்தது என்று எழுதிப் படித்துக் காட்டினார்கள். சாவடி எடுத்ததைச் சொல்ல எனக்கு அங்கேயும் நேரம் இருந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா கைநாட்டு வைத்தார்.

கடலில் சாவு விழுந்தால் அன்று குப்பத்தில் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். இது சாலைச் சாவு, இதற்கு என்ன முறை என்று பஞ்சாயத்தில் பேசினார்கள். எங்கே போனாலும் மீன் கூடையோடு போனவள்தானே என்று முடிவு செய்து, மூன்று நாள் படகை எடுக்கவில்லை. நான்காம் நாள் எல்லோரும் போனார்கள். நைனா போகவில்லை.

அதற்குப் பிறகு அவர் முகத்துவாரத்தில் நிற்கவில்லை. கூட்டு ரோட்டுக்கும் போகவில்லை. பெண்கள் கூட்டு ரோட்டை விட்டுவிட்டுப் பொன்னேரி மார்க்கெட்டுக்கு மாறினார்கள். அங்கே உட்கார இடமில்லாமல் சாக்கடை ஓரத்தில் விற்றார்கள். நைனா ஏரிக்கரையில் உட்கார்ந்து விரல் மடக்குவார். யாராவது பக்கத்தில் வந்தால் ஆரம்பித்துவிடுவார்.

"மூணு பெருசு போச்சு. அது சரி. ஒரு சின்னது. அதுவும் சரி. அப்பால ஓச்சல். எங்க தப்புச்சுனே தெரியல."

இரண்டு வருடம் இதைக் கேட்டேன். எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமையை ஒரு மாதம் தள்ளி வைத்து அதே பெண்ணைத்தான் கட்டினேன். பக்கத்திலேயே தனி வீடு கட்டிக்கொண்டேன். மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் வேலை கிடைத்தது, அங்கேயும் கட்டை தூக்குவதுதான். சாவடி எடுத்துவிட்டார்கள் என்று குப்பத்தில் எல்லோருக்கும் மெல்லத் தெரிந்தது, ஆனால் அந்தக் கட்டைக்கும் நைனாவின் எண்ணிக்கைக்கும் முடிச்சுப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா நைனாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சண்டை போடவில்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள். தங்கையைப் போகச் சொன்னது இவர் கை என்பதை அவள் வாய் சொல்லவில்லை, தட்டு வைக்கிற சத்தம் சொன்னது. ஒரு வாக்கியத்தில் என்னால் அந்த வீட்டைச் சரிசெய்திருக்க முடியும். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் வேலைக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்குகிற முதல் நாள். காற்று மோசமாக இருந்தது. முகத்துவாரத்தில் எல்லோரும் காத்துக் கிடந்தார்கள். நாலு பேர் வந்து நைனாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். அன்று எனக்கு விடுமுறை, நானும் கரையில் இருந்தேன். அவர் தண்ணீரில் இறங்கினார், கையைத் தூக்கினார். மூன்று பெரிய அலை வந்தது, சின்னது வந்தது, கடல் ஓய்ந்தது. எனக்கே தெரிந்தது. கரையில் இருந்த குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். கை மேலேயே நின்றது. சத்தம் வரவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு படகு தானாகக் கிளம்பி, ஓய்ச்சல் முடிந்த நேரத்தில் அலைக்குக் குறுக்கே மாட்டிக் கவிழ்ந்தது. இரண்டு பேரையும் இழுத்துக் கரை சேர்த்தார்கள், ஒருவருக்குத் தோள் விலகியது. நைனா தண்ணீரை விட்டு ஏறி, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். என் நைனா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நைனா, உன் கணக்கு தப்பு இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டையைச் சொன்னேன், பத்துப் பதினைந்தாக விட்டதைச் சொன்னேன், கழற்றிச் சுவரில் சாய்த்ததைச் சொன்னேன். வாசலில் அம்மா வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. நைனா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்போ நீ விட்ட லாரியத்தான் நான் எண்ணிகினு இருந்தனா?"

"ஆமா."

"கடலும் இல்ல, ஓச்சலும் இல்ல."

அவர் முகத்தில் ஏதோ ஒரு பாரம் இறங்கியதைப் பார்த்தேன், அதே நேரம் வேறொன்று ஏறியதையும் பார்த்தேன்.

"கட்டைய எப்போ எடுத்தாங்க?"

"அதுக்கு மொத நாளு மத்தியானம்."

"சாயந்திரம் வந்து லீவுனு சொன்னியே, அன்னைக்கா?"

"ஆமா, நைனா."

"எதிர்லயே ஒக்காந்து சாப்ட்டியேடா" என்றார். குரல் உயரவில்லை. அம்மா வாசலை விட்டு உள்ளே வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் கையைப் பிடித்தாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை முகத்துவாரத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. "தள்ளு!" தெளிவாக, பழைய குரலில். பாயில் எழுந்து உட்கார்ந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக இன்ஜின்கள் வெளியே போகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான் வந்தது. ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்தேன்.

என் வாசலுக்கு நேர் எதிரே மணலில் ஒரு மூங்கில் ஆழமாக நட்டிருந்தது. உச்சியில் சிவப்புத் துணி. துணி புதியது இல்லை. சின்னம்மா வியாபாரத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற சிவப்புப் புடவையின் முந்தானை.

"இன்னாங்க இது, நம்ம வாசல்ல?" என்று என் மனைவி கேட்டாள். அவள் உள்நாட்டுப் பெண், அவளுக்குத் தெரியாது. குப்பத்தில் மற்ற எல்லோருக்கும் தெரியும். நான் அதைப் பிடுங்கவில்லை. தண்ணீருக்குப் போகிறவர்களும் வலை காய வைக்கப் போகிறவர்களும் அன்றிலிருந்து என் வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.